கார்டு வாங்க கார்டு தேய்க்கிறார்கள், உஷார்!

போன வருஷம் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு பதினொரு மணி இருக்கும். டாலஸ் பக்கத்தில் இருக்கும் என் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கிரெடிட் கார்டுல பதினேழு தடவை காசு போயிருக்குடா. 38 டாலர், 42 டாலர், 55 டாலர்னு. நான் ஒண்ணும் வாங்கல, அத்தானும் வாங்கல. பேங்க்குக்குச் சொல்லி கார்டை பிளாக் பண்ணிடவா?"

தொகையைக் கேட்டதும் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. "பிளாக் பண்றது இருக்கட்டும். முதல்ல மாடிக்குப் போய் உன் பையன் என்ன பண்றான்னு பாருக்கா" என்றேன்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. போர்வைக்குள் போன் வெளிச்சம். திரையில் ஒரு ஆள் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, பளபளக்கும் பாக்கெட்டுகளைக் கத்தரித்துக் கூடைப்பந்து வீரர்களின் கார்டுகளை ஒவ்வொன்றாக கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னணியில் கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி கூச்சல். மொத்தம் 731 டாலர் போயிருந்தது. அம்மாவின் கார்டை எப்போதோ பீட்சா வாங்கப் போனில் ஏற்றியிருந்தார்கள். அதைத் தேய்த்துத்தான் இந்தக் கார்டுகளை வாங்கியிருக்கிறான்.

மறுநாள் என்னிடம் பேசினான். அழவில்லை, கணக்கு சொன்னான். "மாமா, ஸ்பர்ஸ் மட்டும் வந்திருந்தா எல்லாக் காசும் திரும்ப வந்திருக்கும் மாமா."

அந்த "வந்திருந்தா" என் வயிற்றைப் பிசைந்தது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்வதற்கு முன், மதுரை பஸ் ஸ்டாண்டில் இதே வார்த்தையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு நம்பர் தள்ளிப் போயிருக்கும். வீட்டில் அரிசி இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி இல்லை. நானும் கார்டுப் பைத்தியம்தான். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். பிறகு பிக் ஃபன் பபிள்கம் வந்தது. ரன்னும் விக்கெட்டும் அச்சடித்த அட்டைக்காகப் பல் கூசக் கூச அந்தக் கம்மை மென்றோம். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு பேஸ்பால், கூடைப்பந்துக் கார்டுகள். வீட்டில் பதினோரு ஃபோல்டர் இருக்கிறது, மனைவியிடம் கேட்டால் இன்னும் கூடச் சொல்வாள். இதை விடச் சொல்லவில்லை. எங்கே குழி வெட்டியிருக்கிறார்கள் என்று, அதில் ஒன்றிரண்டில் விழுந்தவன் என்ற முறையில், சொல்கிறேன்.

பையன் விழுந்த குழியின் பெயர் 'பிரேக்'. ஒரு ஆள் கார்டுப் பெட்டிகளை மொத்தமாக வாங்குகிறான். அவற்றை ஒரு ஆப்பில் நேரலையாகப் பிரிக்கிறான். என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வொரு அணியையும் ஓர் இடமாக விற்கிறான். நீங்கள் எந்த அணியின் இடத்தை வாங்கினீர்களோ அந்த அணி வீரர்களின் கார்டு மட்டும் உங்களுக்கு. மீதி மற்றவர்களுக்கு. இதில் 'ரேண்டம்' என்று ஒரு வகை இருக்கிறது. காசு கட்டிய பிறகுதான் சக்கரம் சுற்றி உங்களுக்கு எந்த அணி என்று சொல்வார்கள். விக்டர் வெம்பன்யாமா வந்த வருஷத்துப் பெட்டி என்றால் எல்லோருக்கும் வேண்டியது அவர் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். ஒருவனுக்கு ஸ்பர்ஸ் விழும். இருபத்தொன்பது பேர் வாயைப் பார்க்க வேண்டியதுதான். சில அணிகளுக்கு ஒரு கார்டுகூட வராது. கட்டின காசு கட்டினதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பெட்டிகளின் விலை 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 இடம், இடத்துக்கு 42 டாலர். கையில் 1,260. ஒரு பாக்கெட்டைக்கூடப் பிரிக்காமல் 260 டாலர் மேலே நிற்கிறது. உள்ளே தங்கமே வந்தாலும், வெறும் காகிதமே வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆப்காரருக்கும் கமிஷன் உண்டு. இதில் நஷ்டப்படக்கூடிய இடத்தில் இருப்பது போர்வைக்குள் விழித்திருக்கும் பையன் ஒருவன்தான். இது சூதாட்டமா இல்லையா என்று அமெரிக்காவில் வக்கீல்கள் வாதாடட்டும். என்னைக் கேட்டால், சக்கரம் சுற்றினாலே சூதுதான்.

பாக்கெட்டை நாமே வாங்கி நாமே பிரித்தால் பயமில்லையே என்பீர்கள். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

இரண்டு வருஷம் முன்னால், ஆன்லைனில் பார்த்து, ஒரு காபிக் கடை வாசலில் வைத்து ஒருவரிடம் ஐந்து 'பிளாஸ்டர்' பெட்டிகள் வாங்கினேன். கடைகளில் விற்கும் சின்னப் பெட்டிக்கு அந்தப் பெயர். மேலே பிளாஸ்டிக் உறை கண்ணாடி மாதிரி இறுகிப் படிந்திருந்தது. ஆள் மரியாதையானவர், "உங்கள் மகனுக்கா?" என்று விசாரிக்கக்கூடச் செய்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். முதல் பெட்டியில் சாதாரணக் கார்டுகள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது பெட்டியில் ஒரு பாக்கெட்டைத் திருப்பியபோது பின்பக்கத்துத் தையல் விரலில் பிசுபிசுத்தது. தொழிற்சாலையில் சூட்டில் ஒட்டிய தையல் அப்படி ஒட்டாது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பல் பல்லாக அழுத்தியிருக்கும் கோடு ஒரு பாக்கெட்டில் நேராகவும் அடுத்ததில் லேசாகக் கோணியும் இருந்தது. யாரோ நிதானமாக உட்கார்ந்து, பின்தையலைப் பிரித்து, நல்ல கார்டை உருவிக்கொண்டு, அதே எண்ணிக்கைக்கு வேறு கார்டைச் செருகி, பசை தடவி ஒட்டி, பெட்டியை மறுபடி உறைபோட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டியிருக்கிறார்கள். அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஒருவித மரியாதை வருகிறது. நூற்றைம்பது டாலர் போனது வேறு விஷயம்.

பெரிய கடையில் வாங்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. வாங்கிப் போய்ப் பிரித்துவிட்டு, மறுபடி ஒட்டிக் கொண்டுவந்து 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டி அதே அலமாரிக்குத் திரும்பிப் போகும். பிரிக்காமலேயே திருடுவதும் உண்டு. சட்டைத் துண்டு பதித்த கார்டு தடிமனாக இருக்கும் அல்லவா? நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் பாக்கெட்டை வைத்து, கனமானதை எடுத்துக்கொண்டு லேசானதை அடுத்தவருக்கு விற்றுவிடுவார்கள்.

என்னை மாதிரி ஏழைக்கு மட்டும்தான் இது நடக்கும் என்றில்லை. யூடியூபில் புகழ்பெற்ற லோகன் பால், போகிமான் கார்டுகளின் முதல் பதிப்புப் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்தார். நிபுணர்கள் பார்த்து அசல் என்று சொல்லியிருந்த சரக்கு. 2022 ஜனவரியில் கேமரா முன்னால் பிரித்தார்கள். உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. காபிக் கடை வாசலில் வாங்கியவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

சட்டைத் துண்டு என்றேனே, அதையும் பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் அந்தக் கார்டின் பின்னால், இந்த ஆட்டக்காரர் இந்த ஆட்டத்தில் போட்டிருந்த சட்டை என்று எழுதியிருப்பார்கள். பிறகு ஆட்டம் போய், 'வீரர் அணிந்தது' என்று ஆனது. புது வீரர்களை ஒரு நாள் படப்பிடிப்புக்கு வரவழைத்து, அடுக்கி வைத்த சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றச் சொன்னால் அதுவும் 'அணிந்தது'தான். இப்போது பல கார்டுகளின் பின்னால் பூச்சிபூச்சியாக இருக்கும் எழுத்தைப் படியுங்கள். இந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும் சேர்ந்தது அல்ல என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். துணிக்கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'ரிடெம்ப்ஷன்' என்றும் ஒன்று உண்டு. கையெழுத்துக் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டோக்கன் வரும். வீரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பிறகு அனுப்புகிறோம் என்று அர்த்தம். அந்தப் 'பிறகு' சில மாதமாகலாம், சில வருஷமாகலாம். டோக்கனுக்குக் காலாவதித் தேதி உண்டு.

இவ்வளவுக்கும் சனம் ஏன் போய் விழுகிறது? செய்தி அப்படி வருகிறது. 1952இல் டாப்ஸ் கம்பெனி போட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த வருஷத்துச் சரக்கு அன்றைக்கு விற்காமல் கிடங்கில் கிடந்து, 1960இல் குப்பைப் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டியதாக அந்தக் கார்டை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 2025 ஆகஸ்டில் மைக்கேல் ஜோர்டனும் கோபி பிரையன்டும் கையெழுத்திட்ட ஒற்றைக் கார்டு 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலஸில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் 2024 கிறிஸ்துமஸுக்கு வந்த பாக்கெட்டில், பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் உலகில் ஒன்றே ஒன்றான கார்டை எடுத்தான். அந்தக் கார்டுக்கு ஈடாக முப்பது வருஷத்துக்கு மேட்ச் டிக்கெட் தருகிறோம் என்றது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. வீட்டார் ஏலத்துக்கு விட்டார்கள். 11 லட்சம் டாலர்.

எல்லாம் உண்மை. என் அக்கா மகனுக்கு அந்தப் பையனின் கதை ஒப்பிக்கிற மாதிரி தெரியும். அதே கிறிஸ்துமஸில் பாக்கெட் பிரித்து ஒன்றும் கிடைக்காத பையன்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராது.

விலை ஏறும் என்று வாங்கியவர்களின் கதையைச் சொல்கிறேன். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் இதில் இறங்கினார்கள். 1986இல் ஃப்ளீர் கம்பெனி போட்ட மைக்கேல் ஜோர்டன் கார்டு, கார்டின் நிலைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்றது, 2021 ஜனவரியில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போனது. 2022 முடிவதற்குள் அதே கார்டு, அதே மதிப்பெண், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜோர்டன் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாயிற்று. அவர் ஆட்டத்தில் குறையொன்றும் வரவில்லை. வாங்குகிற கூட்டம் கலைந்தது, அவ்வளவுதான். ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர் என்றால் இன்னும் ஆபத்து. 2019இல் என்.பி.ஏ.வுக்கு முதல் ஆளாகத் தேர்வான ஸயன் வில்லியம்சனின் கார்டுகளைத் தங்கக்கட்டி மாதிரி வாங்கி அடுக்கினார்கள். முதல் சீசனில் அவர் ஆடியது 24 ஆட்டம். 2021-22 சீசன் முழுக்கக் காயத்தால் ஆடவே இல்லை. உங்கள் முதலீடு இன்னொருவரின் முழங்காலிலும் பாதத்திலும் இருக்கிறது.

அந்த நாட்களின் வெறி லேசுப்பட்டதல்ல. 2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு டார்கெட் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்டுக்காக ஒருவரை நான்கு பேர் அடிக்க, அவர் துப்பாக்கியை எடுத்துவிட்டார். அதன்பின் அந்த நிறுவனம் கொஞ்ச காலம் கடைகளில் கார்டு விற்பதையே நிறுத்தியது. காகித அட்டைக்காகத் துப்பாக்கி!

இனி 'ஸ்லாப்'. கார்டை அனுப்பினால் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுத் தடித்த பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரியது பி.எஸ்.ஏ. ஒரு கார்டுக்கு 20 டாலருக்கு மேல் ஆகும். 2021 மார்ச் கடைசியில் குவிந்த கார்டுகளைப் பார்த்து முடிக்க முடியாமல், புதிதாக வாங்குவதையே பெரும்பாலும் நிறுத்திவைத்தார்கள். ஸ்லாப்பில் இருந்தால் அசல் என்றுதான் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். ஹால்மார்க் பார்த்து நகை வாங்குகிற மாதிரி.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, உலகில் சுமார் அறுபதுதான் மிஞ்சியிருக்கிறது. அதில் மிக அழகான ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. போட்ட முதல் சான்றிதழே அந்தக் கார்டுக்குத்தான், பத்துக்கு எட்டு. 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. 2013இல், அதை முன்பு விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீர்செய்தது நான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அத்தனை காலமும் அது பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக, எட்டு மதிப்பெண்ணோடு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

இப்போது வெட்டும் வேலைகூட வேண்டாம், பிளாஸ்டிக்கையே போலியாகச் செய்கிறார்கள். போலி ஸ்லாப், போலி லேபிள் ஒட்டி ஜோர்டன் கார்டும் போகிமான் கார்டும் விற்று 20 லட்சம் டாலருக்கு மேல் மோசடி செய்ததாக 2024 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பேர் மீது வழக்குப் போட்டார்கள். லேபிளில் இருக்கும் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. அசல் கார்டின் எண்ணையே திருடித்தான் அச்சடிக்கிறார்கள். அந்த எண்ணுக்குரிய படம் இருந்தால் அதைத் திறந்து, மூலையில் இருக்கும் சின்னப் புள்ளி முதற்கொண்டு கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பழைய கார்டு என்றால் நகைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து டாலர்கூட ஆகாது. அசலில் பெரும்பாலும் பெயரின் கறுப்பு எழுத்து ஒரே மையில் கெட்டியாக விழுந்திருக்கும். படத்தைப் பிரதியெடுத்து அடித்த போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும்.

பிறகு எதற்குத்தான் இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டால், ஜெஃபர்சன் பர்டிக்கைப் பற்றிச் சொல்வேன். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊரில் மின்சாதன வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனவர். சிகரெட் கார்டு, மிட்டாய்க் கார்டு, விளம்பர அட்டை என்று மூன்று லட்சத்துக்கும் மேல் சேர்த்தார். அதில் பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். வாக்னர் கார்டும் உண்டு. இன்று எல்லோரும் அந்த வாக்னர் வரிசையை 'டி206' என்கிறார்களே, அந்த எண்ணே அவர் போட்ட பட்டியலில் இருந்து வந்ததுதான். அத்தனையையும் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார். பசை தடவி ஒட்டியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இன்றைய மதிப்பெண்காரர்களிடம் கொடுத்தால் பாதிக்கு மேல் கழித்துவிடுவார்கள். அவருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

போன தீபாவளிக்கு டாலஸ் போனபோது அக்கா மகனை ஒரு கார்டு ஷோவுக்குக் கூட்டிப்போனேன். போகும் முன் ஒரு நிபந்தனை: சீல் வைத்த எதையும் தொடக்கூடாது, கையில் இருபது டாலர் ரொக்கம்தான். உள்ளே போனதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆயிரம் டாலர் கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு மூலை மேசையில் 'எது எடுத்தாலும் ஒரு டாலர்' என்று நீளமான அட்டைப் பெட்டிகள். அதன்முன் உட்கார்ந்தவன் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. விரல் நுனியெல்லாம் கறுப்பாகிவிட்டது. திடீரென்று ஒரு கார்டை உருவி என் முன்னால் நீட்டினான். மக்சி போக்ஸ், சார்லட் ஹார்னெட்ஸின் பச்சைநீலச் சட்டையில், தன்னைவிட இரண்டடி உயர்ந்தவர்களுக்கு நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். என்.பி.ஏ. வரலாற்றிலேயே குள்ளமானவர், ஐந்தடி மூன்று அங்குலம்.

"மாமா, இவர் நம்ம பாட்டி ஹைட்டு மாமா!"

காரில் வரும் வழியெல்லாம் கார்டின் பின்பக்கத்தில் இருந்த புள்ளிவிவரத்தை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தான். விற்றால் ஒரு டாலர்தான் வரும். அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

ஆகவே பெற்றோரே, அத்தை மாமாக்களே, பிறந்தநாளுக்குப் பெட்டி வாங்கித் தராதீர்கள். பிள்ளைக்கு எந்த வீரரைப் பிடிக்கும் என்று கேட்டு, அந்த வீரரின் கார்டு ஒன்றை, கண்ணால் பார்த்து, கடந்த வாரம் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று தெரிந்துகொண்டு, தனியாக வாங்கிக் கொடுங்கள். விற்பவன் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் "அங்கே மலிவாமே, நாலு பெட்டி வாங்கி வா, இங்கே விற்றுவிடலாம்" என்று சொன்னால் பிடிகொடுக்காதீர்கள்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். பிள்ளை தூங்கியதும் போனை எடுத்து, உங்கள் கிரெடிட் கார்டு எந்தெந்த ஆப்பில் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, அழித்துவிடுங்கள். அக்கா அன்றைக்கே அழித்துவிட்டாள். 731 டாலரில் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை.